சத்திரவைத்தியன் ஆசிரியனாகும் வரலாறு

வைத்தியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையே எழுதியுள்ளனர். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பொஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்கமருந்தின் துணையோடு பலர் முன்னிலையில் சத்திரசிகிச்சை நடந்தது. 1867இல் ஜோசப் லிஸ்டர், புண்ணிற் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் தம் முறையை உலகறிய வெளியிட்டார். இவை நாம் பாடசாலைப் பருவத்திலேயே படித்த செய்திகள். கண்டுபிடித்தவரின் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டு நிற்கிறது. ஆனால் ஒருவரின் கைக்கு வந்த வித்தை ஆயிரம் பேரின் கைகளுக்குச் சென்றது எவ்வாறு என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. கிராமத்து ஏழைத் தாயொருத்தியின் உயிரைக் காப்பது தூரதேசத்து மேதையின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. அந்த வித்தையை அவளூர் ஆஸ்பத்திரியின் இளம் வைத்தியனுக்கு யாரோ ஒருவர் பொறுமையோடு சொல்லிக்கொடுத்தாரே, அதுவுமேயாகும்.

அந்த ஒருவர் யார்? பேராசிரியர் என்று நாம் எண்ணக்கூடும். பேராசிரியர் பகலில் விரிவுரை நிகழ்த்துவார். மாணவர் புடைசூழ வாட்டைச் சுற்றி வருவார். ஆனால் ஊசியை எக்கோணத்திற் செலுத்துவது, முடிச்சை எவ்வளவு இறுக்குவது, இரத்தம் பீறிடும்போது பதறாமல் விரலை எங்கே வைப்பது என்பனவற்றை நள்ளிரவில் இளையவனுக்குக் காட்டிக்கொடுப்பவர், தாமே இன்னும் பயின்று முடியாத பயிற்சிச் சத்திரவைத்தியர்தாம். அவர் ஒரே வேளையில் மாணவருமாவார், ஆசிரியருமாவார். இரு தலைமுறைகளை இணைக்கும் பாலம் அவரே.

ஆயினும் வெட்டவும் தைக்கவும் அவருக்குப் பயிற்சி அளித்த உலகம், கற்பிப்பதற்கும் பயிற்சி வேண்டுமென்று நெடுங்காலம் எண்ணவில்லை. வித்தை தெரிந்தவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் தானாகவே தெரியும் என்ற நம்பிக்கை நூற்றாண்டுகளாக நிலவிற்று. இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பனவற்றை ஆராய்வது வெறும் வைத்தியத்துறை ஆராய்ச்சி அன்று. அது சமுதாய வரலாற்றின் ஓர் அத்தியாயமாகும்.

பூசணிக்காயும் தாமரைத் தண்டும்

சத்திரசிகிச்சையைக் கற்பிக்கும் முறை பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் சுசுருத சங்கிதையிற் காணப்படுவது தலைசிறந்தது. மாணவன் நூலை முழுதும் கற்றிருப்பினும் கைப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்று வற்புறுத்தும் அந்நூல், அப்பழக்கத்தைப் பெறும் வழியையும் வகுத்துக் கூறுகிறது. அறுப்பதைப் பூசணி, வெள்ளரி முதலிய காய்களிற் பழகவேண்டும். குத்தி நீர் வெளியேற்றுவதை நீர் நிறைத்த தோற்பையிற் பழகவேண்டும். இரத்தக்குழாயைத் திறப்பதை இறந்த விலங்கின் நாளத்திலும் தாமரைத் தண்டிலும், தைப்பதைத் துணியிலும் தோலிலும், கட்டுப் போடுவதைத் துணியாற் செய்த பொம்மையிலும் பழகவேண்டும்.

இவ்வேற்பாட்டின் உள்ளே ஓர் அறம் உறைந்திருக்கிறது. மாணவனின் முதற்பிழை உயிருள்ள மனிதனின் உடலில் நேரக்கூடாது என்பதே அந்த அறம். ஆசிரியனுடைய கடமை வித்தையைச் செய்துகாட்டுவதோடு முடிவதில்லை. அதனைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பயிற்சிப் பொருளைத் தேடிக் கொடுப்பதும் அவன் கடமையாகும் என்பதை அந்நூல் உணர்ந்திருந்தது.

ஆனால் அந்த உணர்வு நிலைக்கவில்லை. உடலைத் தொடுவதும் குருதியிற் கைபடுவதும் தீட்டு என்ற எண்ணம் வலுப்பெற்ற சமுதாயத்தில், ஏட்டைக் கற்றவன் கையைப் பயன்படுத்தவில்லை. கையாற் செய்தவனுக்கு ஏடு எட்டவில்லை என ஆய்வாளர் பலர் கூறுவர். ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. அங்கே இலத்தீன் படித்த வைத்தியர் நாடி பார்த்து மருந்து எழுதினார். கட்டியைக் கீறியவனும் காலை அறுத்தவனும் நாவிதனே. மூளையின் வேலைக்கும் கையின் வேலைக்கும் இடையே சமுதாயம் எழுப்பிய மதிலை வைத்தியசாலையின் உள்ளேயும் நாம் காண்கிறோம்.

காசுக்கு விற்ற கல்வி

இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இலேயே இரு பகுதியினரும் பிரிந்தனர். இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளிலும் சத்திரவைத்தியம் மற்றைய கைத்தொழில்களைப் போலவே கற்பிக்கப்பட்டது. தந்தை பணம் கட்டி மகனை ஒரு தொழிலாளியிடம் ஒப்படைப்பார். அவன் அங்கே தரை கூட்டினான், கருவி துடைத்தான், எசமான் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். பார்த்ததிற் புரிந்தது அவன் கல்வி. புரியாதது அவன் விதி. சங்கத்தினர் உடலமைப்பைப் படிப்பதற்கு ஆண்டொன்றுக்குத் தூக்கிலிடப்பட்ட நால்வரின் உடல்களை மன்னன் அனுமதித்திருந்தான்.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஸ்கொட்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்த ஹண்டர் சகோதரர் முதன்மையானவர். மூத்தவரான வில்லியம் ஹண்டர் 1746இல் தொடங்கிய உடலமைப்பு வகுப்பில், பாரிஸ் நகரத்து முறைப்படி மாணவன் ஒவ்வொருவனும் தன் கையாலேயே உடலை அறுத்துப் படிக்கலாம் என்று அறிவித்தார். இரண்டாண்டுகளின் பின் இளையவர் ஜோன் ஹண்டர் உதவியாளராக வந்து சேர்ந்தார். ஜோன் ஹண்டர் சிறந்த பேச்சாளரல்லர். குறிப்பைப் பார்த்துத் தடுமாறி வாசிப்பவர் என்றே அவருடைய மாணவர் கூறியுள்ளனர். ஆனால் கேள்வி கேட்பதையும் தன் கண்ணாற் கண்டு தெளிவதையும் அவரிடம் கற்றோர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அம்மைப்பாலைக் கண்ட எட்வேட் ஜென்னர் அவர் வீட்டில் தங்கிப் படித்த மாணவர். அஸ்ற்லி கூப்பர் அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர்.

அவருடைய முடிவு நம் கவனத்துக்குரியது. சென் ஜோர்ஜ் வைத்தியசாலையின் சத்திரவைத்தியர்கள் மாணவர் செலுத்திய கட்டணத்தைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டு வந்தனர். மாணவருட் பெரும்பாலோர் ஹண்டரை நாடியே வந்தனர். மற்றையோர் பணத்தைப் பெறுகிறார்கள், ஆனால் கற்பிப்பதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. கற்பியாதவருக்குப் பங்கில்லை என்று அவர் கூறியதும் பூசல் மூண்டது. 1793ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, மாணவரைச் சேர்ப்பது பற்றிய வாக்குவாதம் நடந்த கூட்டத்தில், இதயநோயாளியான ஜோன் ஹண்டர் சினத்தோடு வெளியேறி அவ்வைத்தியசாலையிலேயே உயிர் நீத்தார். கற்பித்தல் ஒரு கடமையா, அன்றி வருமானத்தின் ஒரு வழியா என்ற கேள்வி அன்று தீரவில்லை. இன்றும் முற்றாகத் தீர்ந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை.

மறுபுறத்தில், புதிய உடலமைப்புக் கல்விக்கு உடல்கள் வேண்டியிருந்தன. பணம் படைத்தோர் இரும்புப் பெட்டியும் காவலும் வைத்துத் தம் இறந்தோரைக் காத்தனர். ஏழைகளின் புதைகுழிகளே இரவில் தோண்டப்பட்டன. 1828இல் எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் புதைகுழியைத் தோண்டும் சிரமத்தையும் தவிர்த்து, 16 பேரைக் கொன்று உடல்களை உடலமைப்பு ஆசிரியர் றொபேட் நொக்ஸின் பாடசாலைக்கு விற்றனர். மாண்டோர் தங்குமடங்களில் ஒதுங்கிய ஏழைகளும் நாதியற்றோரும். இக்கொடுமையின் பின் 1832இல் இயற்றப்பட்ட சட்டம் என்ன செய்தது? ஏழை விடுதிகளில் இறந்து, உரிமைகோர எவருமற்றுக் கிடந்தோரின் உடல்களைப் பாடசாலைகளுக்கு அளித்தது. முன்பு கொலைக் குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டது, இப்பொழுது வறுமைக்கே விதிக்கப்பட்டது.

இறந்த ஏழை உடலமைப்புப் பாடமானான். உயிரோடிருந்த ஏழை, தரும ஆஸ்பத்திரியின் கட்டிலிற் சத்திரசிகிச்சைப் பாடமானான். செல்வந்தர் கைதேர்ந்த வைத்தியரைத் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டனர். சத்திரவைத்தியத்தின் பாடநூல் ஏழையின் உடலே என்னும் இவ்வுண்மையை மறந்து அதன் கல்வி வரலாற்றை எவரும் எழுதமுடியாது. கற்பிக்கும் முறை சீரற்றிருந்தால் மாணவன் மெதுவாகக் கற்பான். அவன் மெதுவாகக் கற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் செலுத்துபவன் கட்டிலிற் கிடப்பவனே.

மானிப்பாய் தந்த பாடம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கல்வி இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்கையில், நமது யாழ்ப்பாணத்திலே நடந்த ஒரு முயற்சி இவ்வரலாற்றில் தனக்கென ஓரிடத்தைப் பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் வூஸ்ரர் நகரைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மதப்பிரசாரமே அவரை அனுப்பிய சபையின் நோக்கம். அந்நோக்கத்தை அவரும் மறைத்தவரல்லர். எனினும் மானிப்பாயில் 1848 முதல் அவர் நடத்திய வைத்திய வகுப்பிற் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே அவர் கற்பித்தார். நாளடைவில் ஓர் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. ஆங்கிலத்திற் படித்தவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றான். நோயாற் கிடந்த கிராமம் முன்போலவே கிடந்தது. 1860களின் நடுப்பகுதியிலிருந்து அவர் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கற்பிப்பதற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தம் மாணவரையும் தமிழறிந்தோரையும் துணைகொண்டு அவர் நூல்களை மொழிபெயர்த்தார். சத்திரவைத்தியத்தைக் கூறும் ‘இரண வைத்தியம்’ 1867இலும், உடலமைப்பைக் கூறும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. 1873இல் அவர் தாயகம் திரும்பினார்; 1884இல் அங்கே காலமானார்.

தமிழுக்கு அவர் செய்த தொண்டாக இதனைப் போற்றுவது வழக்கம். அது தக்கதே. ஆனால் அவருடைய பணியை ஆசிரியத்துவத்தின் கண்கொண்டு நோக்குவோர் அதிலும் ஆழமான ஒன்றைக் காண்பர். நேற்றைய மாணவனை இன்றைய மொழிபெயர்ப்பாளனாகவும் துணையாசிரியனாகவும் ஆக்கினார் கிறீன். ஒரு பாடத்தைத் தாய்மொழியிற் பெயர்க்க முயல்பவன் அதனை எழுத்தெழுத்தாகப் புரிந்துகொண்டாக வேண்டும். புரியாததை மூடிவைக்க அந்நிய மொழிச் சொல்லின் போர்வை அவனுக்குக் கிடையாது. எனவே கற்பிப்பதற்கென ஆயத்தம் செய்ததே அம்மாணவரின் மேற்படிப்பாயிற்று. கற்பவன் நிற்கும் இடத்துக்கு ஆசிரியன் இறங்கி வரவேண்டும் என்பதும், கற்பித்தவன் பின்பு யாரிடம் போய்ச் சேர்வான் என்பதை முன்கூட்டியே சிந்திக்கவேண்டும் என்பதும் மானிப்பாய் தந்த பாடங்களாகும்.

1870இற் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. நாட்டுக்குப் பெரும்பயன் விளைத்த நிறுவனம் அது. ஆனால் அங்கே கல்விமொழி ஆங்கிலமே. மானிப்பாயின் முயற்சி தொடராமற் போனமை நமது இழப்பு.

ஏணியும் கூம்பும்

இன்று உலகின் பெரும்பகுதியில் வழங்கும் பயிற்சி முறையின் மூலம் ஜேர்மனியில் இருக்கிறது. பேர்லினில் லாங்கன்பெக், வியன்னாவில் அவர் மாணவர் பில்றொத் ஆகியோரின் வைத்தியசாலைகளில் உதவியாளர் பல ஆண்டுகள் தங்கிப் படிப்படியாகப் பொறுப்பேற்றனர். வைத்தியக் கல்வி பற்றி 1876இல் நூலெழுதிய பில்றொத், வறிய யூத மாணவரை இழித்துரைத்து அதனால் வியன்னாவிற் கலகம் விளைந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. எவ்வாறு கற்பிப்பது என்பதை ஆராய்ந்த பேரறிஞரும், யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்வியில் தம் காலத்தின் குறுகிய நோக்குக்கு அடிமையாயினர்.

அம்முறையை நேரிற் கண்டு திரும்பிய அமெரிக்கர் வில்லியம் ஹோல்ஸ்டெட். போல்டிமோர் நகரில் 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அவர் ஓர் ஏணியை அமைத்தார். இளம் வைத்தியர் வைத்தியசாலையிலேயே வசித்தனர். கீழ்ப்படியில் நிற்பவன் மேற்படியில் நிற்பவனுக்கு உதவினான். மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படியில் நிற்பவனுக்குக் கற்பித்தான். ஏணியின் உச்சியில் ஒருவன் மட்டுமே தலைமைப் பயிலுநனாக நின்றான். 33 ஆண்டுகளில் அவ்விடத்தை எட்டியோர் 17 பேர் மட்டுமே. 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில், நல்ல சத்திரவைத்தியரை மாத்திரமன்றி அடுத்த தலைமுறையை ஊக்குவிக்கத்தக்கவரையும் உருவாக்க வேண்டும் என்று ஹோல்ஸ்டெட் வற்புறுத்தினார்.

இஃது ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. பயிலுநன் ஆசிரியனுமாவான் என்பதை ஒரு நிறுவன விதியாக்கியவர் ஹோல்ஸ்டெட். ஆனால் அவர் அமைத்தது கூம்பு. அடித்தளத்திற் பலர் நுழைந்தனர். உச்சியில் ஒருவர் எஞ்சினார். பக்கத்தில் நிற்பவன் தோழனாகவும் இருந்தான், போட்டியாளனாகவும் இருந்தான். போட்டியாளனுக்கு வித்தையின் நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? 1940ஐ அண்டி பொஸ்டனின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் எட்வேட் சேர்ச்சில், நுழைந்தோர் பெரும்பாலோரும் பயிற்சியை முடித்து வெளியேறத்தக்க வேறொரு முறையை வகுத்ததற்கு இக்குறையே காரணம்.

பெண்களுக்கும் இந்த ஏணி எளிதிற் கிட்டவில்லை. ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரி 1893இற் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதற்குக் காரணம் ஆண்களின் பெருந்தன்மையன்று. கல்லூரியைத் திறக்கப் பணமில்லாதிருந்த வேளையில், மேரி எலிசபெத் கரெற் என்னும் பெண்மணி மூன்று இலட்சம் டொலருக்கு மேல் வழங்கி, பெண்களையும் ஆண்களோடு சமமாகச் சேர்க்கவேண்டும் என நிபந்தனை விதித்தார்.

ஹோல்ஸ்டெட்டின் முறையில் வேறொரு குறையும் இருந்தது. கற்பிக்கும் இடத்தை அது பயிலுநனுக்கு அளித்தது. கற்பிக்கும் வழியை அளிக்கவில்லை. ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி என்ற வாய்மொழி பின்னாளிற் சத்திரசிகிச்சைக் கூடங்களில் வேதவாக்காயிற்று. பார்ப்பதற்கும் கற்பிப்பதற்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரே தாண்டலிற் கடந்துவிடலாம் என்ற மயக்கம் அதில் இருக்கிறது.

பட்டமில்லாத ஆசான்

அதே ஹொப்கின்ஸில், அந்த ஏணியின் எந்தப் படியிலும் கால்வைக்க அனுமதிக்கப்படாத ஒருவர், அவ்வேணியில் ஏறியோருக்கெல்லாம் கற்பித்தார் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

விவியன் தோமஸ் 1910இல் லூயிசியானா மாநிலத்திற் பிறந்த கறுப்பினத்தவர். நாஷ்வில் நகரில் தச்சுவேலை செய்து, கல்லூரியிற் படித்து வைத்தியராகும் நோக்கோடு பணம் சேர்த்து வந்தார். 1930இல் வங்கிகள் முறிந்தபோது அச்சேமிப்பும் போயிற்று. அவ்வாண்டில் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்திற் சத்திரவைத்தியர் அல்பிரட் பிளேலொக்கின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் செய்தது ஆய்வுகூட நிபுணரின் வேலை. சம்பளப் பட்டியலில் அவருக்கு எழுதப்பட்ட பதவியோ துப்புரவுத் தொழிலாளி.

1941இல் இருவரும் ஹொப்கின்ஸுக்கு வந்தனர். பிறவி இதயக் குறைபாட்டினால் உடல் நீலம் பாய்ந்து மடிந்த குழந்தைகளைக் காக்க வழியுண்டா என்று குழந்தை வைத்தியர் ஹெலன் தோசிக் வினவினார். அவ்வினாவுக்கு விடைகாண ஆய்வுகூடத்தில் நாய்களில் எண்ணற்ற முறை சத்திரசிகிச்சை செய்து, இரத்தக்குழாய்களை இணைக்கும் வழியைச் செம்மைப்படுத்தியவர் தோமஸ். 1944 நவம்பர் 29ஆம் திகதி முதன்முறையாக ஒரு குழந்தைக்கு அச்சிகிச்சையை பிளேலொக் செய்தபோது, அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறிநின்று படிக்குப்படி வழிகாட்டியவர், வைத்தியப் பட்டமே பெறாத தோமஸ்தாம்.

அதன் பின்னர் பல ஆண்டுகளாக அங்கே பயின்ற இளம் சத்திரவைத்தியர் அவருடைய ஆய்வுகூடத்துக்கு வந்தனர். பிற்காலத்தில் இதய சத்திரசிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற டென்ரன் கூலி போன்றோர், அவருடைய கையில் வீணான அசைவு ஒன்றேனும் இருந்ததில்லை என்றும், கடினமானதை எளிதாக்கிக் காட்டினார் என்றும் நன்றியோடு நினைவுகூர்ந்தனர். பதவியின் அதிகாரம் அவருக்கு இல்லை. அதட்டுவதற்கும் அவமதிப்பதற்கும் அவரால் இயலாது. செயலின் தெளிவு ஒன்றே அவருடைய அதிகாரம். மாணவனின் முதற்பிழை நோயாளியின் உடலில் நேராதபடி ஆய்வுகூடத்திலேயே நேரச் செய்தார். சுசுருதரின் பூசணிக்காய் அறம் அங்கே மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

அவர் கற்பித்த கல்லூரியில் 1960கள் வரை அவரது இனத்தவர் மாணவராகச் சேரமுடியவில்லை. குடும்பத்தைக் காக்கப் பணம் போதாமல், தாம் பயிற்றிய வைத்தியர் கூடிய விருந்துகளில் அவர் மதுபானம் பரிமாறியும் உழைத்தார். 1976இலேயே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது; கல்லூரியின் ஆசிரியர் குழுவில் அவர் பெயர் இடம்பெற்றதும் அக்காலத்திலேதான். 1985இல் அவர் காலமானார். நல்லாசிரியரைப் பட்டத்தையும் நிறத்தையும் கொண்டு அளப்பதால் சமுதாயம் இழப்பது எவ்வளவு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆசிரியருக்கு ஆசிரியர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, வைத்தியரைக் கற்பிக்கப் பழக்குவது ஒரு தனித்துறையாக உருவெடுத்தது. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பவலோ பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் மில்லர் என்னும் வைத்தியர், கல்வித்துறையினரோடு கைகோத்து, வைத்திய ஆசிரியருக்குக் கல்வியியலைப் பயிற்றத் தொடங்கினார். பாடசாலையிற் சிறுவருக்கு எழுத்தறிவிப்பவனுக்குப் பயிற்சி வேண்டும் என்போர், உயிரோடு விளையாடும் தொழிலைக் கற்பிப்பவனுக்கு அது வேண்டாமென்பது விந்தையல்லவா? 1970களில் உலக சுகாதார நிறுவனம் வைத்திய ஆசிரியர்களைப் பயிற்றும் பிராந்திய நிலையங்களை நிறுவியபோது, தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்களுள் நமது பேராதனையும் ஒன்று.

பழைய முறை தளர்ந்தமைக்குக் காலமும் காரணமாயிற்று. நெடுநேரம் பக்கத்தில் நின்றால் வித்தை தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதே அம்முறையின் அடிப்படை. பயிலுநரின் வேலைநேரத்தை வாரத்துக்கு 80 மணியாக அமெரிக்கா 2003இலும், 48 மணியாகப் பிரித்தானியா 2009இலும் வரையறுத்தபின் அந்த நெடுநேரம் இல்லாமற் போயிற்று. சிறு துளைகளூடே கருவி செலுத்திப் பித்தப்பையை அகற்றும் முறை 1990ஐ அண்டிப் பரவியபோது முதியோரே மாணவராயினர். ஓரிரு நாட் பயிற்சியோடு பலர் தொடங்கினமையாற் பித்தநாளம் தவறுதலாக அறுபடும் விபத்துகள் பெருகின. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் வைத்தியசாலையில் நடந்த குழந்தைகள் இதய சத்திரசிகிச்சை பற்றிய விசாரணை 2001இல் முடிவுற்றது. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எதிர்பார்க்கக்கூடியதிலும் 30 முதல் 35 வரை மேலதிகமாக இறந்தனர் என அது கண்டது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இழப்பு இயல்பே என்ற பழைய சமாதானத்தை அதன் பின்னர் பெற்றோர் எவரும் ஏற்கத் தயாராக இல்லை.

அவ்வாறாயின் பயிற்சிச் சத்திரவைத்தியருக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுப்பது என்றால் என்ன? அது மந்திரமன்று. கைதேர்ந்தவனின் கை பல படிகளைத் தன்னையறியாமலே செய்கிறது; ஆகவே அவன் விளக்கும்போது அப்படிகளைக் கூறாது விட்டுவிடுகிறான். அவற்றை வெளிக்கொணர்வதே முதல் வேலை. றொட்னி பெய்ற்றன் என்னும் சத்திரவைத்தியர் 1998இல் நூல்வடிவில் வெளியிட்ட நான்கு படிமுறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதலில் ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்திற் செய்துகாட்டுவார். இரண்டாவதாக, ஒவ்வொரு கூற்றையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார். மூன்றாவதாக, மாணவன் அடுத்தது என்னவென்று வாயாற் சொல்ல, ஆசிரியர் அதன்படி செய்வார். நான்காவதாகவே மாணவன் தானே சொல்லித் தானே செய்வான். மூன்றாவது படியே இதன் உயிர்நிலை. மாணவனின் மனத்திலுள்ள பிழை அவன் கைக்கு இறங்குமுன் அங்கே வெளிப்பட்டுவிடுகிறது.

சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இத்தகைய ஒழுங்கு கைக்கொள்ளப்படுகிறது. கை கழுவும்போதே, இன்று நீ எதைக் கற்க விரும்புகிறாய் என்று கேட்டல். சிகிச்சையின்போது அந்த ஒன்றையே கருத்திற்கொண்டு வழிகாட்டல். காயத்தைத் தைத்து முடிக்கும் வேளையில், எது நன்றாயிற்று, அடுத்தமுறை எதை மாற்றுவாய் என்று உசாவல். இதற்கு மேலதிகமாக வேண்டியது சில நிமிடங்களே. ஆனால் நெடுங்காலமாக அந்நிமிடங்களை நிரப்பியது மௌனம், இன்றேல் வசை.

வசையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். தாம் அவமதிக்கப்பட்டுக் கற்றோர், அவமதிப்பே தம்மை உருவாக்கியது என நம்பி, அதனையே அடுத்தவருக்குச் சீதனமாக வழங்குவர். அடிமைத்தனத்தின் மரபு இவ்வாறே எங்கும் தொடர்கிறது. வசைக்கு அஞ்சிய மாணவன் கேள்வி கேட்கமாட்டான்; ஐயத்தை மறைப்பான்; மறைத்த ஐயம் நோயாளியின் வயிற்றுக்குள்ளே வெளிப்படும். ஆசிரியனின் பண்பு வெறும் நாகரிகத்தின்பாற்பட்டதன்று. அது நோயாளியின் பாதுகாப்பாகும்.

பயிலுநனைக் குறைபட்ட ஆசிரியன் என்று கருதுவதும் தவறு. தான் இடறிய இடம் அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நிபுணருக்கு அது மறந்துபோயிற்று. அந்த அண்மை பெருஞ்செல்வம். அதனை முறையாகப் பயன்படுத்தச் சில நாட் பயிற்சியும், கற்பிப்பதற்கென ஒதுக்கிய நேரமும், நன்கு கற்பித்தவனை மதிக்கும் தேர்வு முறையும் வேண்டும். நமது நாட்டிலும் 1980இல் தோன்றிய பட்டப்பின் வைத்திய நிறுவகம் நிபுணர்களை உள்நாட்டிலேயே உருவாக்கி வருகிறது. நிபுணத்துவத்தை அளக்கும்போது, எத்தனை சிகிச்சைகள் செய்தாய் என்ற கேள்வியோடு, எத்தனை பேரைச் செய்யவல்லவராக்கினாய் என்ற கேள்விக்கும் உரிய நிறை கிடைத்தல் வேண்டும்.

செல்வம் படைத்தவனுக்கு இன்றும் தேர்ந்த கையை விலைகொடுத்துத் தேடும் வழியுண்டு. இலவச வைத்தியத்தை நம்பி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வரும் விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் மீனவனும், அன்றிரவு கடமையிலிருக்கும் இளம் கையிடமே தம் உடலை ஒப்படைக்கின்றனர். நூற்றாண்டுகளாகச் சத்திரவைத்தியத்தின் பாடநூலாக இருந்தவர்கள் அவர்களே. அந்தக் கடனை வைத்திய உலகம் திருப்பிச் செலுத்தும் வழிகளுள் மிக எளியது, அந்த இளம் கைக்கு நன்றாகக் கற்பிக்கப்படுவதையும் அக்கை அடுத்த கைக்கு நன்றாகக் கற்பிப்பதையும் உறுதிசெய்வதாகும்.